அஞ்சாத தலைவரின் ஒலிப்பதிவு

"நிறுத்துங்க அங்கிள்! ஏதோ கடகடன்னு கேக்குது" என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள் ஜாக்குலின்.

லம்பா லைன் பகுதியில் காண்ட்ராக்டர் ஈஸ்வரனின் வீடு. சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கும் அவர், தன் துணிச்சலைப் பற்றித் தானே பாட்காஸ்ட் பேச உட்கார்ந்திருந்தார். பதிவு செய்ய வந்த ஜாக்குலின், "சத்தம் சுத்தமா இல்லேன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்று முதலிலேயே எச்சரித்திருந்தாள்.

ஃபேனை நிறுத்தினார்கள். ஃபிரிட்ஜை அணைத்தார்கள். கடகடப்பு குறையவில்லை, கூடியது.

ஈஸ்வரனின் மனைவி வைஜெயந்தி மேஜைமேல் இருந்த டம்ளரைப் பார்த்தாள். அதிலிருந்த தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, பூகம்பம்! ஜல்தி வெளியே வாங்க!"

பெண்கள் இருவரும் தெருவுக்கு ஓடினார்கள். ஈஸ்வரன் நாற்காலியை விட்டு அசையவே இல்லை.

தெருவில் வேறு யாரும் ஓடவில்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்த எதிர்வீட்டு பெங்காலி ஆன்ட்டி, "க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சென இந்தியில் கேட்டாள்.

ஜாக்குலின் பயந்து பயந்து உள்ளே வந்தாள். தண்ணீர் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

ஈஸ்வரனின் முழங்கால் மேஜைக்காலில் படபடவென்று மோதிக்கொண்டிருந்தது.

"மைக்கைப் பாத்தா இப்படித்தாம்மா ஆயிடுது" என்றார். "எழுந்திரிச்சு ஓடக்கூட முடியல."

ஜாக்குலின் ஒரு தலையணையை எடுத்து முழங்காலுக்கும் மேஜைக்காலுக்கும் நடுவில் செருகினாள்.

"இப்ப தைரியமா பேசுங்க அங்கிள். நடுக்கம் ரெக்கார்ட் ஆகாது."