எல்லா வள்ளமும் பச்சை

பொழியூர் கடற்கரையில் மாலைக் காற்று மணலை வாரி இறைக்கிறது. மீன் விற்கும் சாராம்மா, செதிள் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜோஸ்னா உருவாக்கிய இணையப் பக்கத்தைக் கைப்பேசியில் திறக்கிறாள். கடலுக்குப் போன ஒவ்வொரு வள்ளத்துக்கும் அதில் ஒரு படம் சிவப்பாக இருக்கும். வள்ளம் கரையேறியதும் தொட்டால் பச்சையாகும். முப்பது பச்சையாகிவிட்டன. மிச்சமிருப்பது சாராம்மாவின் மகன் போன வள்ளம். ஜோஸ்னா அருகில் வந்து நிற்கிறாள். "அன்னா வருது!" என்று யாரோ கடலைக் காட்டிக் கத்துகிறார்கள். மகன் மணலில் குதிக்கும் வரை சாராம்மாவின் விரல் திரைக்கு மேலேயே நிற்கிறது. பிறகு தொடுகிறாள்.

"இது என்னதுக்கா?" அடுத்த கரையிலிருந்து வந்தவள் எட்டிப் பார்க்கிறாள்.

"எழுத்து தெரியாண்டாம் மக்கா, தொட்டா போதும். நாங்க உண்டாக்கினதாக்கும்" என்கிறாள் சாராம்மா.

ஜோஸ்னா மறுக்கவில்லை, பொங்கி வரும் சிரிப்போடு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள்.