ஒரே மாதிரித் தப்பு

"யாரைப் பார்த்து யார் காப்பி அடிச்சீங்க? மரியாதையா ஒத்துக்கிட்டா தண்டனை பாதி" என்றார் இணைப் பேராசிரியர்.

எதிரே இரண்டு பேர் நின்றார்கள். கார்ப்பரேட் ஃபைனான்ஸ், முதுகலை இரண்டாம் ஆண்டு. ஒருவர் பன்னிரண்டு வருடம் வங்கியில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். வகுப்புக்கே அவர் பேங்க் அக்கா. இன்னொருவன் நெட்டை. பேராசிரியருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: தசமம். புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் இரண்டு மதிப்பெண்ணைக் கிள்ளிவிடுவார். அந்தப் பெயர் காதில் விழாத மாதிரி நடிப்பதில் அவருக்கு ரகசியப் பெருமை.

"ஆளுக்கு ஒரு கம்பெனியை மதிப்பு போட்டிருக்கீங்க. தப்பு மட்டும் ஒண்ணு! கடனுக்கு வட்டி கட்டினா வரி குறையும். அந்த லாபத்தை ஒரு தடவைதான் சேர்க்கணும். நீங்க ரெண்டு பேருமே ரெண்டு தடவை சேர்த்திருக்கீங்க. சரியா எழுதினா ஆயிரம் பேர் ஒரே மாதிரி எழுதலாம். ஒரே மாதிரி தப்பா எழுத, காப்பி அடிச்சாத்தான் முடியும்!"

கடைசி இரண்டு வாக்கியங்களையும் காலையில் ஷேவ் செய்யும்போது கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தார்.

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார் பேங்க் அக்கா.

"வந்தது போனதெல்லாம் மேடம்கிட்ட சொல்லுங்க."

மேடம், துறைத் தலைவர். அவர் மேசையில் பேராசிரியரின் பதவி உயர்வுக் கோப்பு கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. பதினான்கு வருடமாகப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'இணை'யைப் பிய்த்தெறியப் போகும் கோப்பு. உள்ளே வந்த மூன்று பேர் கண்ணிலும் அது பட்டது.

மேடம் இரண்டு கட்டுரைகளையும் புரட்டினார். சிரித்துவிட்டார்.

"ஒரே பல்லைப் பிடுங்கிட்டு ரெண்டு தடவை ஃபீஸ் வாங்கின மாதிரி இருக்கே! இதை யாருப்பா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? அந்த ஆளை கிளாஸ் பக்கமே விடக்கூடாது."

"நானும் அதையேதான் சொல்றேன் மேடம்" என்று பேராசிரியர் உற்சாகமாகத் தலையாட்டினார்.

நெட்டை, பேங்க் அக்காவைப் பார்த்தான். அக்கா கோப்பைப் பார்த்தார்.

"நான்தான் மேடம். தம்பியோட கட்டுரையைப் பார்த்து எழுதிட்டேன்."

"ஐயோ, இல்ல மேடம்! அக்காவோடதைப் பார்த்து நான்தான் எழுதினேன்."

"இவங்க கிளாஸ்ல ஒருத்தரோட ஒருத்தர் பேசி நான் பார்த்ததே இல்ல மேடம்" என்றார் பேராசிரியர். "அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "காப்பின்னா ஒரு செமஸ்டர் போயிடும். தெரியுமில்ல? நீங்க வேலையை வேற விட்டுட்டு வந்திருக்கீங்க."

"தெரியும் மேடம்" என்றார் அக்கா.

"சரி. சார், சாயங்காலத்துக்குள்ள ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க. கையெழுத்து போட்டுடறேன்."

வெளியே வந்ததும் பேராசிரியருக்குப் பெருந்தன்மை பொங்கியது.

"சரியான முறை தெரியலைன்னா அடுத்த செமஸ்டர்லயும் இதையேதான் எழுதுவீங்க. லெட்டரோட அதையும் இணைச்சுக் கொடுக்கறேன். என் தீசிஸ்ல மூணாவது அத்தியாயம் முழுக்க இதான்."

"வேண்டாம் சார்!"

இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"நீங்க எதுக்கு சார் அலையணும்? நாங்களே பார்த்துக்கறோம்" என்றான் நெட்டை.

திருட்டு முழி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார் பேராசிரியர்.

நாலு மணிக்கு அந்த அத்தியாயத்தை எடுக்க நூலகம் போனபோது கடிதம் சட்டைப்பையில் தயாராக இருந்தது. 'நேர்மை' என்ற சொல் அதில் ஏழு முறை வந்திருந்தது. கடைசி அலமாரியின் அடித்தட்டில் அவருடைய ஆய்வேடு. இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரிந்து அதை எடுத்துப் படித்த ஒரே வாசகர் அவர்தான். அதுவும் அட்டையைத்தான்.

மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தார். வரவுக் கணக்கில் வட்டியால் வந்த வரி லாபம் சேர்ந்திருந்தது. சரி. அடுத்த பக்கத்தில், இன்றைய மதிப்பு காணும் விகிதத்தில், அதே லாபம் இன்னொரு முறை சேர்ந்திருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கண்ணாடியில் கோளாறு இல்லை.

ஓரத்தில் பென்சிலால், அக்காவின் உருண்டை எழுத்து: 'ரெண்டு தடவை வருதே?'

அதன் கீழே நெட்டையின் சாய்ந்த எழுத்து: 'எனக்கும் அதே டவுட். ஆனா சார் எழுதினது. சரியாத்தான் இருக்கும்.'

உட்கார நாற்காலி தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவ்வளவு உயர்ந்த யோசனை என்று சொல்ல முடியாது. நூலகரிடம் போனார்.

"ஒரு ரப்பர் இருக்குமா?"

நூலகர் நிமிர்ந்தார். "இன்னிக்கு நீங்க மூணாவது ஆள் சார்."

"யாரு மத்த ரெண்டு பேர்?"

"நெட்டையா ஒரு பையன், கூட ஒரு அம்மா. லைப்ரரி புத்தகத்துல கை வைக்கக் கூடாதுன்னு துரத்திட்டேன். 'சார் கண்ணுல பட்டா மனசு கஷ்டப்படுவார், அதுக்குள்ள அழிச்சிடறோம்'னு ஒரே கெஞ்சல்." இழுப்பறையைத் திறந்தார். "உங்களுக்கு எதை சார் அழிக்கணும்?"

பேராசிரியர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"ரப்பர் வேண்டாம். வெள்ளைத்தாள் ஒண்ணு கொடுங்க. மேடத்துக்கு லெட்டர் எழுதணும். குற்றவாளி பேரை மாத்தணும்."