சுவிட்சில் சந்தனம்

ஆயுதபூஜை முடிந்த வாரம் கம்ப்யூட்டர் மெக்கானிக் கலைமணிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சனங்கள் சந்தனத்தைக் குழைத்து சுவிட்சின் மேலேயே அப்பிவிடுவார்கள். அது காய்ந்து இறுகினால் சுவிட்ச் அமுங்காது, கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. காரிமங்கலத்தில் கண்ணம்மாள் வீட்டிலும் அதே கதைதான்.

"சுவிட்சு மேல யாருங்கக்கா பொட்டு வெச்சது?"

"எம்மவ காவியாதாங்க. வருசா வருசம் அவதான் வெப்பா."

காய்ந்த சந்தனத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிவிட்டு அழுத்தினான். உள்ளே ஃபேன் சுற்றியது. நிமிர்ந்தபோதுதான் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தான். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. பெயர் காவியா. மறைவு 2021.

தரையில் வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். விரலில் ஈரம் ஒட்டியது. கைப்பிடியில், சின்ன விரல் பதிந்த சந்தனப் பொட்டு.