வளைவுக்குக் கொடுத்த பணம்

“வளைவு எங்கம்மா?”

காரிலிருந்து இறங்கியதும் முத்துச்செல்வம் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

அனுசியா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். தென்காசியில் அவள் நடத்தும் சின்ன அறக்கட்டளையின் வாசலில், தன் அப்பா பெயரில் சிமென்ட் வளைவு கட்டச் சொல்லி அண்ணாச்சி பணம் கொடுத்து மூன்று மாதமாகிறது. இடையில் கொரோனாவின் இரண்டாவது அலை வந்துவிட்டது. வாசலில் இப்போது இருப்பது இரண்டு மூங்கில் கம்பும் ஒரு தார்ப்பாயும்தான்.

அண்ணாச்சி பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் பெரிய மொத்த வியாபாரி. தாராளமாகக் கொடுப்பார், கூடவே தன் பெயரையும் போடச் சொல்வார். சுரண்டையில் அவர் போட்ட சிமென்ட் பெஞ்சில் சாய்ந்து எழுந்தால், சட்டை முதுகில் ‘உபயம்: முத்துச்செல்வம்’ என்று பதிந்துவிடும் என்று ஊரே கேலி பேசும்.

“வளைவு கட்டல அண்ணாச்சி. பணம் செலவாயிட்டு.”

“செலவாயிட்டா? எதுக்கு?”

“டீசலுக்கு, மருந்துக்கு... இங்கன வேலை பாக்கவங்க சம்பளத்துக்கு.”

“சம்பளமா?” மாஸ்க்கையும் மீறி அவர் குரல் தெருவரை கேட்டது. “தர்ம காரியத்துக்கு என்னத்துக்கும்மா சம்பளம்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை. நேரமில்லை என்பது பாதி உண்மை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார் என்ற பயம் மீதி.

“கேக்காதது தப்புதான் அண்ணாச்சி. ஆனா சம்பளம் குடுத்தது தப்பில்ல.” அனுசியா மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டினாள். “அரிசி நிறையப் பேரு குடுத்தாங்க. அதை ஆக்கவும், காய்ச்சல்காரங்க வீட்டுக்குக் கொண்டு போவவும் ஆளு வேணும்லா? ஆக்சிஜன் மெஷின் தானா நடந்து போவுமா? ஊரே கதவைச் சாத்திட்டு இருக்கும்போது இவங்க வெளிய போறாங்க. அவங்க வீட்டுலயும் உலை வைக்கணும்லா?”

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து பேனாவும் ஒரு துண்டுச் சீட்டும் எடுத்தார்.

“என் பணத்துல சம்பளம் வாங்குனவங்க பேரைச் சொல்லு. இனிஷியலோட, ஊரோட.”

அனுசியாவுக்குத் திக்கென்றது. வக்கீல் நோட்டீஸா, போலீஸா? அண்ணாச்சியின் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் போலீஸில்தான் இருக்கிறார்கள்.

“என் பேரை மட்டும் எழுதுங்க அண்ணாச்சி. முடிவெடுத்தது நான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

“எல்லாம் தெரியும்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கவச உடையைப் பாதி கழற்றியபடி நர்ஸ் நின்றாள். “மு. மாரிச்செல்வி, பண்பொழி. எழுதிக்கிடுங்க. காய்ச்சல்னு கூப்பிட்ட ஒரு வீட்டையும் நான் விடல.”

லோடு ஆட்டோ ஓட்டுபவர் முன்னால் வந்தார். “வே. சுடலையாண்டி, இலஞ்சி. குத்தாலத்துல அருவி கொட்டுது, ரோட்டுல ஈ காக்கா இல்ல. அங்கன ஆக்சிஜனோட ஓடுனது என் வண்டி ஒண்ணுதான். நேத்தோட அதுவும் படுத்துட்டு.”

கரண்டியும் கையுமாக சமையல்கார அம்மா வந்து நின்றாள். “க. ரெங்கம்மாள், மேலகரம். சம்பளம் வாங்குனேன், புள்ளைகளுக்குச் சோறு போட்டேன். அதுக்கு இப்ப என்னங்குதிய?”

அனுசியாவுக்குக் கண் கலங்கியது, பயத்தில் அல்ல, பெருமையில். இவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததற்காக ஜெயிலுக்குப் போனாலும் தகும் என்று தோன்றியது.

அண்ணாச்சி ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்து எழுதினார். படுத்துக் கிடந்த லோடு ஆட்டோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அதன்பிறகு சாப்பாடும் மருந்தும் இரவல் பைக்கில்தான் போயின. தபால்காரர் தலை தெரிந்தாலே, வக்கீல் நோட்டீஸோ என்று அனுசியா வாசலுக்கு ஓடினாள்.

ஐந்தாம் நாள் காலை, வாசலில் ஹாரன் சத்தம்.

மார்க்கெட்டில் தக்காளி ஏற்றி ஓடிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் சொந்த வேன்! ஓட்டி வந்தவர் சாவியையும் ஒரு கவரையும் அனுசியாவிடம் நீட்டினார். கவருக்குள் ஒரு செக். கூடவே அண்ணாச்சியின் கையெழுத்தில் ஒரு சீட்டு.

‘ஆறு மாதச் சம்பளத்துக்கும் டீசலுக்கும். வேறு எது அவசரமோ அதற்கும் செலவு செய்துகொள். என்னிடம் கேட்க வேண்டாம். வளைவு காத்திருக்கும்.’

அனுசியா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“அண்ணாச்சி பேரை எம்புட்டுப் பெருசா எழுதியிருக்காவன்னு பாப்போம்,” என்று சிரித்துக்கொண்டே சுடலையாண்டி வேனின் மறுபக்கம் போனார். போனவர் கையசைத்து மற்றவர்களைக் கூப்பிட்டார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

வேனின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ‘உபயம்’ என்று இருந்தது. அதற்குக் கீழே:

மு. மாரிச்செல்வி, பண்பொழி.
வே. சுடலையாண்டி, இலஞ்சி.
க. ரெங்கம்மாள், மேலகரம்.
அனுசியா, தென்காசி.

அண்ணாச்சியின் பெயர் இருந்த இடம் அது. அதை அழித்து அடித்த பெயின்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை.