கல்வெட்டுக்கு இரண்டு துளை

"மிச்சம் இவ்வளவோ அம்மா?" வாய்தவறிக் கேட்டுவிட்டான் குகதாசன்.

குணலட்சுமி உரும்பிராயிலிருந்து சுமந்து வந்திருந்த கட்டு முழுவதும், கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவோருக்குக் கொடுக்க அவன் அச்சகத்திலேயே அடித்த கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகங்கள்.

"வந்த சனம் கொஞ்சம்தான் தம்பி. நீங்கள் புத்தகத்திலை அடிச்ச கம்பியெல்லாம் கழட்டிப்போட்டன். ஓரத்திலை ரெண்டு ஓட்டை போட்டுத் தாங்கோ, நூல் கட்டப்போறன்."

"நூல் அவிழ்ந்துபோமெல்லோ?"

"அவிழ்க்கத்தானே வேணும். அடுத்தமுறை சனம் வரேக்கை குடுக்கலாம்."

ஒரு வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான். கட்டின் அடியில் பழைய மட்டையை வைத்து இறுக்கி, ட்ரில் முனையில் சவர்க்காரம் தேய்த்து இறக்கினான். கடைசித் தாள்வரை ஒரு பிசிறில்லை.

குணலட்சுமி ஒரு புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துத் துளைவழியே பார்த்தார். திருப்திதான். பிறகு பைக்குள்ளிருந்து இன்னொரு கட்டை எடுத்தார். எல்லாம் ஒற்றை மட்டைகள்.

"இதுகளுக்கும் அதே இடத்திலை போடுங்கோ. சேர்த்துக் கட்டேக்கை விலகக்கூடாது."

"ஐயான்ரை வேறை படமோ?" என்றபடி மேல்மட்டையைத் திருப்பினான்.

படத்தில் குணலட்சுமி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பிறந்த திகதி இருந்தது. மறைந்த திகதிக்கு இடம் விட்டிருந்தது.

"எனக்கெண்டு அச்சடிக்க ஆர் இஞ்சை வந்து நிக்கப்போகினம்? பக்கத்து வீட்டுப் பிள்ளை நூலை அவிட்டு, இதையும் வைச்சுக் கட்டிவிடுவாள்."

குகதாசனின் கை சுவிச்சருகே நின்றுவிட்டது.

"போடுங்கோ தம்பி, பஸ் போயிடும்."