நீலம் வைத்த மான்கள்

"இன்னா டாக்டரம்மா, டீ ஆறிக்கினு கீது. குடிக்காம மானையே எண்ணிக்கினு கீறீங்க?"

விடுதித் துணிகளைத் துவைக்கும் வேலம்மா, டம்ளரை மேஜையில் வைத்தாள். கால்நடை மருத்துவர் ஜானு ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

தரமணிப் பக்கத்து அந்தக் கல்லூரி வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளைவிடப் புள்ளிமான்கள் பெருகிவிட்டன. புல் போதாமல் குப்பைத்தொட்டியில் வாய் வைத்தன. போன வருஷம் செத்த ஒன்றின் வயிற்றில் இரண்டு கிலோ பாலிதீன் பை இருந்தது. அதைப் பார்த்துத்தான் பெண் மான்களுக்குக் கருத்தடை ஹார்மோன் ஊசி போட ஏற்பாடு செய்தாள் ஜானு. தூரத்திலிருந்து அந்த ஊசியைத் துப்பாக்கியால் சுட்டால் மருந்து உள்ளே போகும், தொடையில் நீலச் சாயம் ஒட்டிக்கொள்ளும். நீலம் இருக்கிற மானை மறுபடி சுடமாட்டார்கள்.

"ரெண்டு மாசம் சுத்தினோம். கடைசில எல்லாப் பெண் மானுக்கும் நீலம் இருந்துச்சுக்கா. அப்புறம் எப்படி இந்த வருஷம் இருபத்திரண்டு குட்டி?"

"பொறந்துட்டுப் போவட்டும், வுடுங்க. வாயில்லா ஜீவன். குட்டி பெத்துக்கிறதுல இன்னா தப்பு?"

வேலம்மாவுக்கு மான் என்றால் உயிர். மெஸ்ஸில் மிஞ்சும் முட்டைகோஸ் இலையை முந்தானையில் அள்ளிக்கொண்டு போவாள். ஜானுவைக் கண்டாலே ஓட்டம் பிடிக்கும் மான்கள், அவளை உரசிக்கொண்டு நின்று தின்னும்.

ஜானு மருந்தைச் சந்தேகப்பட்டாள். அளவைச் சந்தேகப்பட்டாள். கொஞ்சம் ஊசி மிஞ்சியதற்குக்கூட, மான்களைக் கூடுதலாக எண்ணிவிட்டோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"மருந்து வேலை செய்யலைன்னு நிர்வாகத்துல முடிவு பண்ணிட்டாங்கக்கா. திங்கக்கிழமை லாரி வருது. பாதி மானைப் பிடிச்சு எங்கேயோ காட்டுல விடப்போறாங்களாம்."

"லாரியா?"

"ஆமா. மான் பயத்துலயே செத்துடும். எத்தனை உயிரோட போய்ச் சேருமோ."

வேலம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிந்தாதிரிப்பேட்டைல, கூவத்தாண்ட இருந்த எங்களையும் இப்டித்தான் லாரில ஏத்திக்கினு போயி ஊருக்கு வெளிய வுட்டாங்க. எங்க மாமனாரு அங்க ரெண்டு மாசம் தாங்கல."

டீயில் ஆடை படிந்துவிட்டது.

வேலம்மா எழுந்தாள். வாசலில் வைத்திருந்த தன் துணி பக்கெட்டில் கையை விட்டுத் துழாவி, ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வந்து டம்ளர் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம்.

"மருந்து மேல தப்பில்ல, டாக்டரம்மா. இருவத்திரண்டு மானுக்கு நான்தான் இத்தத் தடவி வுட்டேன். எது எதுன்னு எனக்குத் தெரியும். மிச்ச ஊசிய எடுத்துக்கினு வாங்க, காட்றேன்."