கதவுக்கு மேலே ஒரு காய்

“கண்ணை எங்க அடகு வச்சிட்டு வந்தே? அது மாதுளம்பழம்டி!”

கட்டிலில் சாய்ந்திருந்தவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். மனைவி அசரவில்லை.

“நீங்க தலைகீழா நின்னாலும் அது கசகசாக் காய்தான்.”

போர்வைமேல் விரிந்து கிடந்தது, இதே ஆஸ்பத்திரியின் உட்புறத்தை நூறு வருஷத்துக்கு முன்பு யாரோ வரைந்த படம். அதில் இந்த வார்டுக் கதவுக்கு மேலே சுதையில் ஒரு காய், தலையில் சின்னக் கிரீடத்தோடு. சுவரில் இருந்த நிஜக் காயைச் சுண்ணாம்பு அடித்து அடித்தே மூடிவிட்டார்கள்.

பழைய கட்டடப் படங்களை ஆராய்வதுதான் இருவருக்கும் பிழைப்பு. மாதுளை என்றால் மறுவாழ்வு, இது பிழைத்து எழுகிறவர்களின் வார்டு என்று அவர் புத்தகம் எழுதினார். கசகசா என்றால் அபினி, விழிக்காத உறக்கம், இங்கே வந்தவர்கள் வீடு திரும்பவில்லை என்று அவள் மறுத்து எழுதினாள்.

அந்த ஒரு காயால் வீட்டில் எத்தனையோ நாள் சோறு ஆறிப்போயிருக்கிறது. பிள்ளைகள் சமாதானம் பேசி அலுத்துவிட்டார்கள். அவள் ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

“அம்மா, டாக்டர் உங்களைக் கூப்பிடுறார்,” என்றாள் நர்ஸ்.

“போயிட்டு வா. வந்து தோத்துப் போ,” என்று சிரித்தார் அவர்.

அவள் திரும்பி வர நேரமாயிற்று. முகம் கழுவியிருந்தாள். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது.

“என்னவாம்?”

“ஒண்ணுமில்ல. மருந்தை மாத்துறாங்களாம். சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாமாம்.”

அவர் கையிலிருந்த லென்ஸை வாங்கிப் படத்தின்மேல் வைத்தாள். குனிந்த தலை வெகுநேரம் நிமிரவில்லை.

“நீங்க சொன்னதுதாங்க சரி. இப்பதான் நல்லாப் பார்த்தேன். மாதுளம்பழம்தான்.”

“அப்படிப் போடுங்க! ஜெயிச்சிட்டீங்க சார்! நம்ம வார்டுக்கே நல்ல சகுனம்!” என்று கைதட்டினார் பக்கத்துக் கட்டில்காரர்.

கணவர் சிரிக்கவில்லை. படத்தை மெல்ல மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

“டாக்டர் எவ்வளவு நாள்னு சொன்னார்?”